உருளைக்கிழங்கு: எரு இருக்கிறது, இனி எத்தனை மூட்டை உரம்?

கேத்தித் தோட்டம்
நீலகிரியில் கேத்தி பக்கம் ஒரு ஏக்கர், ஏப்ரலில் குஃப்ரி ஜோதி ரக உருளைக்கிழங்கு போடப் போகிறேன். தொழு எரு ஆறு டன் இருக்கிறது. சித்தப்பா அதுவே போதும், மூட்டையே வாங்காதே என்கிறார். கடையில் கேட்டால் எரு கிடக்கட்டும், உரத்தை முழுசாகப் போடு என்கிறார்கள். மண் பரிசோதனையில் பிஎச் (புளிப்பு அளவு) 4.9. எதைக் குறைக்கலாம்?

மலைக்காட்டான்
தம்பி, மணிச்சத்தில் (பாஸ்பரஸ்) மட்டும் கை வைக்காதே. நம்ம புளிப்பு மண்ணில் இரும்பும் அலுமினியமும் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால்தான் ஹெக்டேருக்கு தழைச்சத்து (நைட்ரஜன்) 120, மணி 240, சாம்பல்சத்து (பொட்டாஷ்) 120 கிலோ என்று மணி மட்டும் இரண்டு பங்காகச் சொல்கிறார்கள். ஏக்கருக்கு 48:96:48. நல்ல எருவில் டன்னுக்கு தழையும் சாம்பலும் 5 கிலோ அளவில் இருக்கும், மணி 2 கிலோ வந்தால் பெரிசு. ஆறு டன்னுக்கு 12 கிலோ, சித்தப்பா கணக்கு இங்கேதான் உதைக்கிறது.

மணியும் தழையும் சேர்ந்த டிஏபி உரம் நான்கு மூட்டை போட்டால் மணி 92 வந்துவிடும், கூடவே தழை 36ம் வந்துவிடும், இதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். எருவில் உள்ள தழையில் கொஞ்சம்தான் இந்தப் போகத்துக்குக் கிடைக்கும் என்றாலும் யூரியாவுக்கு வேலை ரொம்பக் குறைவு. மழை அடித்து 30 நாள் வாக்கில் செடி வெளுத்தால் மட்டும் அரை மூட்டை. அதற்கு மேல் போனால் இலை தளதளவென்று வரும், கிழங்கு பிடிக்கத் தாமதமாகும், பனிமூட்டத்தில் கருகல் நோய் பிடித்தால் நிற்காது. பொட்டாஷ் ஒரு மூட்டை போதும், மீதி எருவிலேயே இருக்கிறது.

ராணி_கோத்தகிரி
எரு மக்கியதா என்று முதலில் பாருங்கள். குவியலுக்குள் கை விட்டால் சூடோ மூத்திர வாடையோ இருந்தால் இன்னும் ஆகவில்லை, அப்படியே போட்டால் வெள்ளைப் புழு கிழங்கைக் குடைந்துவிடும். அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா என்ற நுண்ணுயிர் உரங்கள் போடுவதென்றால் எருவோடு கலந்து போடுங்கள், டிஏபியோடு சேர்க்க வேண்டாம். சாலில் உரம் போட்டதும் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு விதைக்கிழங்கு வையுங்கள், முளை உரத்தில் பட்டால் வெந்துவிடும்.

மலைக்காட்டான்
சரியாகச் சொன்னீர்கள். பிஎச் 4.9க்குப் புளிப்பைக் குறைக்க டோலமைட் சுண்ணாம்பும் வேண்டும் தம்பி. ஆனால் நடவுக்குச் சில வாரம் முன்பே போட்டுக் கிளறிவிடு, டிஏபியோடு ஒன்றாகப் போட்டால் தழைச்சத்து ஆவியாகப் போய்விடும். ஒரேயடியாகவும் கொட்டாதே, புளிப்பு ரொம்பக் குறைந்தால் கிழங்கில் சொறி வரும், மேட்டுப்பாளையம் மண்டியில் அதை எடுத்துத் தனியாகப் போட்டுவிடுவார்கள்.

கேத்தித் தோட்டம்
நன்றி அண்ணா, நன்றி அக்கா. டிஏபி கிடைக்காவிட்டால் மூன்று சத்தும் 17 சதம் உள்ள 17:17:17 கலப்பு உரம் போடலாமா?

மலைக்காட்டான்
மணி 96 வர அதில் பதினோரு மூட்டைக்கு மேல் வேண்டும், தழையும் சாம்பலும் தேவைக்கு இரண்டு பங்கு விழும். அதற்குப் பதில் சூப்பர் பாஸ்பேட்டும் கொஞ்சம் யூரியாவும் வாங்கு. சூப்பரில் மணி 16 சதம்தான், 12 மூட்டை ஆகும், வண்டி வாடகையையும் கேட்டுக்கொள்.