வெசாக் இரவில் ஒரு பந்தல் முன்னால்

புத்தரின் பிறப்பையும் ஞானத்தையும் மறைவையும் நினைக்கும் வெசாக் பண்டிகையைக் கொழும்பில் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் கங்காராமை விகாரைக்குப் போய், பேர வாவிக் கரையில் நாலு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அது போதாது. புத்தர் கதையை ஓவியத்திலும் மின்விளக்கிலும் சொல்லும் ஏதாவது ஒரு பந்தலின் முன்னால், கதை முடியும்வரை நிற்க வேண்டும். இந்த வருடம் நாங்கள் அப்படி நின்றோம்.

நாங்கள் என்றால், வெள்ளவத்தையில் ஒன்றாக அறை எடுத்துத் தங்கியிருக்கும் மட்டக்களப்பு, யாழ்ப்பாண, அட்டன் பெடியள். கூடவே எங்களோடு வேலை செய்யும் சிங்கள நண்பன் ஒருவன், பொரளைக்காரன். “ஓட்டோ ஒன்றும் வேண்டாம் மச்சான், நடப்போம்” என்று முதலே சொல்லிவிட்டான். வெயில் தாழக் காலிமுகத்திடலில் சந்தித்து, கொம்பனித்தெரு வழியாக வாவிக்குப் போனோம். கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா வடிவமைத்த சீமா மாலகம் என்ற பௌத்த மண்டபம் தண்ணீரின்மேல் ஒளிர்ந்துகொண்டிருந்தது. கரை நெடுக வெசாக் கூடுகள் என்ற விளக்குக் கூடுகள். 350 மீற்றருக்கு மேல் உயர்ந்து நிற்கும் தாமரைக் கோபுரம்கூட அன்றைக்கு எங்கள் கண்ணில் பெரிதாகப் படவில்லை. மூங்கில் சிம்பில் மெல்லிய தாள் ஒட்டிச் செய்த எட்டுப் பட்டைக் கூடுகளைத்தான் கிட்டப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தோம். சிலதில் பசைக் கை பட்ட அடையாளம் அப்படியே தெரிந்தது. பிள்ளைகள் செய்ததாக இருக்கும்.

அங்கிருந்து நகர மண்டபம், வார்ட் பிளேஸ் என்று நடந்து பொரளைக்கு. வழியில் தன்சல்கள், இலவசமாகச் சாப்பாடு கொடுக்கும் இடங்கள். பெடியள் கொடியை ஆட்டி வாகனங்களை மறித்து “வாங்க, சாப்பிட்டுப் போங்க” என்கிறார்கள். ஒரு இடத்தில் அவித்த மரவள்ளிக்கிழங்கும் கட்டச்சம்பலும் பிளேன்டீயும். கிழங்கு வெடித்து மாவாக இருந்தது, சம்பல் நாக்கைச் சுட்டது. காசில்லை என்பதை விட, தருகிறவர்களின் முகத்தில் இருந்த சந்தோஷம்தான் பெரிது. யார், எவர் என்று ஒருவரும் கேட்கவில்லை.

சரி, பந்தலுக்கு வருகிறேன். நடுவில் பெரிய புத்தர் உருவம். சுற்றிவர ஓவியக் கட்டங்கள். ஆயிரக்கணக்கான நிற பல்புகள் அலையலையாக ஓடுகின்றன. முன்பெல்லாம் செப்புத் தகடு அடித்த பெரிய உருளையைச் சுழற்றித்தான் பல்புகளை மாற்றி மாற்றி எரிய வைத்தார்களாம். இப்போது எல்லாம் இலத்திரனியல். ஒலிபெருக்கியில் ஒருவர் கதையைக் கவியாகப் பாட, அந்தந்தக் கட்டத்தில் வெளிச்சம் விழுகிறது.

அன்றைக்கு வெஸ்ஸந்தர ஜாதகம், புத்தரின் முற்பிறப்புக் கதைகளில் ஒன்று. கேட்டவருக்கெல்லாம் கொடுக்கும் இளவரசன், மழை தரும் வெள்ளை யானையையே கொடுத்துவிட்டு நாட்டை விட்டுப் போகிறான். காட்டில் ஜூஜகன் என்ற பிராமணன் வந்து பிள்ளைகளைக் கேட்கிறான். அதையும் கொடுக்கிறான். காட்டுக் கொடியால் கைகள் கட்டப்பட்ட இரண்டு குழந்தைகளின் படத்தில் வெளிச்சம் விழுந்தபோது, பாடியவரின் குரலும் இறங்கியது. நண்பன் வரிக்கு வரி எங்களுக்குச் சொல்லிக்கொண்டு வந்தவன், அந்த இடத்தில் நிறுத்திவிட்டான். பக்கத்தில் வெள்ளைச் சேலையில் நின்ற அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். மயானத்தில் சந்திரமதி நிற்கும் கட்டத்தில் ஊர்க் கூத்தில் எங்கள் ஆச்சிமார் அழுததும் இப்படித்தான். அட்டன்காரன் உடனே அரிச்சந்திரன் கதையைச் சிங்களத்தில் அவனுக்குச் சொல்லத் தொடங்கினான். பிள்ளைகள் கடைசியில் தாய் தகப்பனோடு சேர்ந்ததைப் பார்த்த பிறகுதான் அங்கிருந்து நகர்ந்தோம்.

2019இல் ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு வந்த வெசாக்கில் இந்தத் தெருக்கள் களையிழந்து கிடந்தன. அடுத்த இரண்டு வருடமும் கொரோனா. அதனால்தான் இந்த நெரிசலில் இடிபட்டு நடப்பது எனக்கு இவ்வளவு பிடித்திருக்கிறது.

போகிறவர்கள் தண்ணீர்ப் போத்தலும் நல்ல செருப்பும் கொண்டு போங்கள். முதல் நாள் கூட்டம் தாங்காது, இரண்டாம் நாள் பரவாயில்லை. அடுத்தது முருகனுக்கு எடுக்கும் ஆடிவேல் விழா. செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வேல் ரதம் வரும்போது நண்பனை நாங்கள் கூட்டிப் போகிறோம். கதை சொல்வது இனி எங்கள் முறை.