புதுப்பிப்பு: கட் ஷாட் குறி, ஒரு மாசம் கழிச்சு

பூல் மேசையில நேர் ஷாட் விழுது, கட் (குறிப்பந்தை ஓரமா அடிச்சுச் சாய்வா அனுப்புற ஷாட்) மட்டும் பாக்கெட் வாயில முட்டி நிக்குதுன்னு போன மாசம் புலம்பியிருந்தேன். நீங்க சொன்ன 'கோஸ்ட் பால்', அதாவது முட்டுற நொடியில வெள்ளைப் பந்து இருக்க வேண்டிய இடத்துல ஒரு பந்தைக் கற்பனை பண்ணிக் குறி வைக்கிறது, மனசுல நிக்கவே இல்ல. இல்லாத பந்தை எப்படிப் பார்க்கிறது!

அதனால நிஜப் பந்து ஒண்ணையே பாக்கெட்டுக்கு நேர்க்கோட்டுல குறிப்பந்துக்குப் பின்னாடி ஒட்டி வச்சு, அது மேசைத் துணியைத் தொடுற இடத்துல சாக்பீஸ் புள்ளி போட்டேன். அப்புறம் அந்தப் பந்தை எடுத்துட்டு, வெள்ளைப் பந்தை அந்தப் புள்ளிக்கு அனுப்பினேன். அப்பதான் புரிஞ்சுது: பந்து 57 மி.மீ. அகலம், புள்ளி குறிப்பந்தோட விளிம்புக்கு வெளிய 28 மி.மீ.யில இருக்கு. நான் இத்தனை நாளா ரெண்டும் முட்டுற இடத்தையே குறி வச்சிருக்கேன், அதான் ஓரத்துல படாம தடியா, நடுப்பக்கமா பட்டிருக்கு.

வெள்ளையோட நடுவை குறிப்பந்தோட விளிம்புக்கு நேரா வச்சா, குறிப்பந்து 30 டிகிரி சாய்ஞ்சு போகும். அது இப்ப பழகிருச்சு. குன்னூர் ஈரத்துல பந்தெல்லாம் பிசுபிசுப்பு. "துடைச்சுட்டு அடி தம்பி, உரசல் இழுக்குது"ன்னார் மார்க்கர் அண்ணன் (மேசையைப் பார்த்துக்கிறவர்). துடைச்சேன், வித்தியாசம் தெரியுது.

குறிப்பந்தோட ஓரத்தை லேசா உரசுற மெல்லிசு கட் இன்னும் வரல.