சராசரி எடுத்தால் மாடரேஷன் காணாமல் போகிறது. லேட்டன்ட் மாறிகளில் எப்படிச் சோதிப்பது?

மண்டபத்து ஆய்வாளர்:
பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் பக்கம் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர்களின் வீட்டுப் பெண்களிடம் சர்வே எடுத்திருக்கிறேன். வருமானம் நிச்சயமில்லாதபோது மன உளைச்சல் கூடுகிறது, மகளிர் குழுவின் ஆதரவு இருந்தால் அந்தத் தாக்கம் குறையுமா, அதாவது மாடரேஷன் உண்டா என்பதுதான் கேள்வி. மூன்றும் நேரடியாக அளக்க முடியாமல் நாலு நாலு கேள்விகளால் அளந்த லேட்டன்ட் மாறிகள். அளவீட்டு மாடல் நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் சராசரிகளைப் பெருக்கி ரெக்ரஷனில் போட்டால் சிக்னிஃபிகன்ட் ஆகவில்லை, "மாடரேஷன் இல்லை என்று எழுதிவிடு" என்கிறார் கைடு. எனக்கு மனசு ஒப்பவில்லை. கவிழ்த்துப் போட்ட மீன் கூடையில் உட்கார்ந்தபடி ஒரு அக்கா, "குழு இல்லேன்னா போன தடைக்காலத்துல காதுத் தோடும் அடகுக்குப் போயிருக்கும்" என்றார். சொல்லுங்கள், என்ன செய்யலாம்?

தொண்டிக்காரன்:
அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். சராசரியில் அளவீட்டுப் பிழையும் சேர்ந்தே இருக்கிறது, பெருக்கும்போது அதுவும் பெருகும். நம்பகத்தன்மை ஒன்றுக்கு 0.8, இன்னொன்றுக்கு 0.7 என்றால், இரண்டுக்கும் தொடர்பு இல்லாத பட்சத்தில் பெருக்கலுக்கு 0.56தான் மிஞ்சும். இருக்கிற விளைவும் அதில் மங்கிவிடும்.

கென்னியும் ஜட்டும் 1984-இல் காட்டிய வழி, கேள்விகளையே பெருக்கி ஒரு பெருக்கல் லேட்டன்ட் மாறி கட்டுவது. 16 பெருக்கலும் வேண்டாம், ஜோடி ஜோடியாக நாலு போதும். ஒவ்வொரு கேள்வியையும் சராசரியிலிருந்து கழித்து, பெருக்கி, வந்ததையும் மறுபடி கழியுங்கள். ஆர் மென்பொருளில் செம்டூல்ஸ் தொகுப்பின் இண்ட்புராட் கட்டளை இதைச் செய்துவிடும், அப்புறம் லவான் தொகுப்பில் மாடலை ஓட்டலாம். பெருக்கல்கள் இயல்புப் பரவலில் இருக்காது, அதனால் அதைத் தாங்கும் எம்எல்ஆர் என்ற மதிப்பீட்டு முறையை எடுங்கள்.

கீழக்கரை அக்கா:
எனக்கு எல்எம்எஸ்தான் பிடிக்கும், லேட்டன்ட் மாறிகளின் மாடரேஷனை நேரடியாக மதிப்பிட க்ளைனும் மூஸ்புருகரும் 2000-இல் கொடுத்த முறை. பெருக்கல் கேள்விகளே வேண்டாம். எம்பிளஸ் மென்பொருளில் எக்ஸ்வித் கட்டளை, ஆர்-இல் மாட்செம் தொகுப்பு. ஆனால் எம்பிளஸில் ஓட்டினால் சிஎஃப்ஐ, ஆர்எம்எஸ்இஏ போன்ற பொருத்த அளவுகள் எதுவும் வராது, பயந்துவிடாதே தம்பி. முதலில் பெருக்கல் உறுப்பு இல்லாத மாடலின் பொருத்தத்தைப் பார். பிறகு அதைச் சேர்த்து ஓட்டி, இரண்டின் லாக் லைக்லிஹுட் (மாடல் தரவோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற மதிப்பு) வித்தியாசத்தை இரண்டால் பெருக்கு. கைவர்க்கச் சோதனையில் ஒரு டிகிரி ஆஃப் ஃப்ரீடத்துக்கு 3.84-ஐத் தாண்டினால் 5 சதவீத அளவில் தேறிவிட்டது. எம்எல்ஆரில் ஓட்டியிருந்தால் ஸ்கேலிங் திருத்தம் போட மறக்காதே. நிச்சயமின்மையும் ஆதரவும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்றால், வளைந்த உறவு ஒன்று மாடரேஷன் வேஷத்தில் வரலாம், வர்க்க உறுப்பையும் சேர்த்து ஒருமுறை பார்த்துவிடு.

ஒன்று கேட்க வேண்டும், சர்வே எப்போது எடுத்தாய்?

மண்டபத்து ஆய்வாளர்:
பாதி மே மாதத்தில், மீதி ஆகஸ்டில், அக்கா.

கீழக்கரை அக்கா:
நினைத்தேன். ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும்போது, "அடுத்த வாரம் காசு வருமா தெரியவில்லை" என்ற கேள்விக்கு யாரும் யோசிக்காமல் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். ஆகஸ்டில் அதே கேள்விக்கு வேறு அர்த்தம். தடைக்காலத்தில் கேட்டவர்கள், பிறகு கேட்டவர்கள் என்று இரண்டு குழுவாக வைத்து, இரண்டிலும் லோடிங் (ஒவ்வொரு கேள்வியும் தன் லேட்டன்ட் மாறியோடு எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்ற எண்) ஒன்றுதானா என்று முதலில் சோதி. அது நின்றால்தான் சரிவுகளை ஒப்பிட முடியும். நிற்காவிட்டால் எந்தக் கேள்வி ஆடுகிறது என்று பார்த்து அதன் லோடிங்கை மட்டும் இரண்டு குழுவிலும் வேறாக இருக்க விடு. பெருக்கல் எல்லாம் அதற்குப் பிறகு.

மண்டபத்து ஆய்வாளர்:
சரி அக்கா, இன்று ராத்திரியே லோடிங்கிலிருந்து தொடங்குகிறேன். தொண்டி அண்ணனுக்கும் நன்றி, 0.56 கணக்கை அப்படியே கைடிடம் காட்டப் போகிறேன்.