மாநில நிதி வந்தால் தெரு பாதுகாப்பாகிவிடுமா?

நடைராஜா:
உள்ளூர்ச் சாலைக்கு மாநில அரசு ஏன் பணம் தரவேண்டும், அந்தந்த ஊர் தன் வரியில் போட்டுக்கொள்ளட்டும் என்கிறார் கணக்குப்பிள்ளை. சரி, சாலையை உடைப்பது யார்? 1950களின் கடைசியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் லாரிகளை ஓடவிட்டே சோதித்துப் பார்த்தார்கள், அச்சில் இறங்கும் எடை இரண்டு மடங்கானால் சேதம் ஏறக்குறைய 16 மடங்கு. எங்கிருந்தோ வந்து எங்கோ போகிற லாரிக்கு ஊர்க்காரன் மட்டும் ஏன் அழவேண்டும்?

கணக்குப்பிள்ளை:
லாரிக் கணக்கை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பணம் வந்ததும் என்ன செய்கிறார்கள்? நிதியாண்டு முடிவதற்குள் செலவழித்தாக வேண்டுமே என்று பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே இன்னொரு அடுக்கைப் போட்டுவிட்டு, வடிகாலைத் தொடாமல் போய்விடுகிறார்கள், தண்ணீர் அடியில் இறங்கி இரண்டு மழைக்குள் சாலை பல்லிளிக்கிறது. அப்புறம், குழிக்குப் பயந்து 30 கிலோமீட்டரில் ஊர்ந்த வண்டி வழவழப்பான சாலையில் 50இல் பறக்கும். மோதும்போது இறங்கும் ஆற்றல் கிட்டத்தட்ட 2.8 மடங்கு. இதற்குப் பெயர் பாதுகாப்பா?

நடைராஜா:
அப்போ குழிதான் வேகத்தடை, அப்படியே விட்டுவிடலாம் என்கிறீர்கள் :) ராத்திரி மழையில் இருசக்கர வண்டியில் போகிறவரிடம் சொல்லிப் பாருங்கள். சுவீடனில் 1997இல் நாடாளுமன்றமே சாலைச் சாவைப் பூஜ்யமாக்குவதை இலக்காக ஏற்றது, அகலச் சாலைகளின் நடுவே கம்பிவடத் தடுப்பு போட்டார்கள், நேருக்கு நேர் மோதிச் சாகிறவர்கள் வெகுவாகக் குறைந்தார்கள். அரசுப் பணம்தானே?

கணக்குப்பிள்ளை:
அது நெடுஞ்சாலை ஐயா. நாம் பேசுவது தெருவை.

தார்ச்சட்டி:
சாலை வேலையில் இருப்பவன், குறுக்கே வருகிறேன். தெரு என்றால் நார்வேயின் ஆஸ்லோவையும் பின்லாந்தின் ஹெல்சின்கியையும் பாருங்கள், 2019இல் இரண்டு நகரத்திலும் நடந்துபோனவர் ஒருவர்கூட வண்டி மோதிச் சாகவில்லை. வேக வரம்பைக் குறைத்ததற்கு அதில் பெரிய பங்கு உண்டு. வரம்புப் பலகை நடப் பெரிய செலவில்லை, ஆனால் பலகையைப் பார்த்து யாரும் வேகத்தைக் குறைப்பதில்லை, தெருமுனையைக் குறுக்கி, கடக்கும் இடத்தை மேடாக்கி, நடைபாதையை அறுந்துபோகாமல் கொண்டுபோனால்தான் கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். அதற்குள் வடிகாலையும் மின்கம்பத்தையும் நகர்த்த வேண்டியிருக்கும், எஸ்டிமேட் எகிறுவது அங்கேதான். சின்ன ஊராட்சியால் அது முடியாது. மாநிலம் தரட்டும், ஆனால் வடிகாலும் நடைபாதையும் முடியாமல் கடைசித் தவணை கிடையாது என்று எழுதித் தரட்டும்.

கணக்குப்பிள்ளை:
கடைசித் தவணையை நிறுத்தினால் ஒப்பந்தக்காரர் பாதியில் போவார், தோண்டிய பள்ளத்தில் முதலில் விழப்போவது நடைராஜாதான்.

நடைராஜா:
இப்போது மட்டும் விழாமலா இருக்கிறேன்?