மாற்றங்கள் செய்த அறுபதுகள் பாணி ஜாஸ் பேஸை எப்படி விற்பது?

ஆழ்நாதம் (சென்னை):

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் ஸ்குவயர் (ஃபெண்டரின் விலை குறைந்த பிராண்டு) கிளாசிக் வைப் வரிசையில் வந்த அறுபதுகள் பாணி ஜாஸ் பேஸ் என்னும் பேஸ் கிட்டார் ஒன்று இருக்கிறது. நான்கு ஆண்டுகளுக்கு முன் 46,000 ரூபாய்க்குப் புதிதாக வாங்கினேன். பிறகு சீமோர் டங்கன் விண்டேஜ் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சைகையாக்கும் பாகம்) ஜோடியையும் கோட்டோ 201 பிரிட்ஜையும் (உடலில் தந்திகளைத் தாங்கும் பாகம்) பொருத்தி, வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் உள்ள பாட்கள் மூன்றையும் ஜாக்கையும் மாற்றி, இரைச்சலைக் குறைக்க உட்குழிகளில் செப்புத் தகடு ஒட்டினேன். இவற்றுக்கு மட்டும் 30,000 ரூபாய்க்கு மேல் ஆயிற்று. தோள்பட்டை வலி காரணமாக 34 அங்குல ஸ்கேலை (அதிரும் தந்தியின் நீளம்) விட்டு, 30 அங்குல ஷார்ட் ஸ்கேலுக்கு மாற வேண்டிய நிலை வந்துவிட்டதால், மனமில்லாமல்தான் இதை விற்கிறேன். கழற்றிய பாகங்கள் அனைத்தும் ஒரு பெட்டியில் பத்திரமாக உள்ளன. செலவையும் சேர்த்து 76,000 கேட்பது நியாயமா, அல்லது பழைய பாகங்களைத் திரும்பப் பொருத்தித் தனித்தனியாக விற்க வேண்டுமா?

மரமும்தந்தியும் (கோவை):

தம்பி, 76,000 கிடைக்காது. வாங்க வருபவர் முதலில் அந்த மாடல் பழையதாக என்ன விலைக்குப் போகிறது என்றுதான் பார்ப்பார். நீங்கள் செய்த மாற்றங்கள் அவரைச் சீக்கிரம் முடிவெடுக்க வைக்குமே தவிர, முழுச் செலவையும் திருப்பித் தராது. கோட்டோ 201 அதே ஐந்து திருகுத் துளைகளில் பொருந்துவது என்பதால் மரத்தில் புதுத் துளை விழுந்திருக்காது. ஆகவே பழைய நிலைக்குத் திருப்பி, பிக்கப்பையும் பிரிட்ஜையும் தனியே விற்பதே லாபம் என்பது என் கருத்து. ஜாஸ் பேஸில் நெக் (கழுத்து) பக்கப் பிக்கப் பிரிட்ஜ் பக்கப் பிக்கப்பைவிடச் சற்றுக் குட்டையானது, ஒன்றின் இடத்தில் மற்றொன்று சரியாக அமராது. எனவே ஜோடியைப் பிரிக்காமல், எது எது என்று சீட்டு ஒட்டிக் கொடுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. உங்கள் கிட்டாரின் உடல் பாப்லர் மரம், மென்மையானது. திருகை மீண்டும் போடும்போது முதலில் இடப்பக்கமாக மெதுவாகத் திருப்புங்கள். பழைய புரியில் அது ‘டிக்’கென்று இறங்குவது விரலுக்கே தெரியும், அதன் பிறகுதான் வலப்பக்கம் முறுக்க வேண்டும். இதைச் செய்யாமல் அழுத்தி முறுக்கியதால் துளை தளர்ந்துபோன கிட்டார்கள் என் பட்டறைக்கு நிறைய வருகின்றன.

நாற்கம்பி (சென்னை):

ஐயாவின் கணக்கு சரி என்றாலும், நான் மாறுபடுகிறேன். மேடையில் வாசிப்பவருக்கு வேண்டியது வாங்கிய அன்றே தயாராக இருக்கும் கருவி. இரண்டு வால்யூம்களும் முழுதாகத் திறந்திருக்கும்போது, ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றப்பட்ட பிக்கப் சுருள்கள் இரைச்சலை அடக்கிவிடும். ஒன்றைக் குறைத்தவுடன் அந்த ‘உம்’ ஒலி கிளம்பும். அந்த இடத்தில் உங்கள் செப்புத் தகடு செய்யும் வேலையை வாங்குபவர் தன் காதால் கேட்கட்டும். மாற்றிய நிலையிலேயே, பழைய பாகங்களின் பெட்டியையும் சேர்த்து, 58,000 கேளுங்கள்.

விளம்பரத்தில் ‘விண்டேஜ்’ (பழங்கால அசல்) என்று மட்டும் எழுதாதீர்கள், ‘அறுபதுகள் பாணி’ என்றே எழுதுங்கள். அந்த ஒரு சொல்லை நம்பி நான் வெளியூர் வரை போய் ஒரு கிட்டாரை வாங்கி வந்தேன். வீட்டில் திறந்து பார்த்தால் அது சில ஆண்டுகளுக்கு முன் செய்தது, சால்டரும் ஒழுங்காகப் பிடிக்கவில்லை. ஃபெண்டர் 1960இல் வெளியிட்ட முதல் ஜாஸ் பேஸ்களில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய குமிழ்கள் இரண்டு இருந்தன. மூன்று குமிழ் அமைப்பு பின்னர் வந்தது. அத்தகைய அசல் கருவியில் ஒரு சால்டரைத் தொட்டாலும் மதிப்பு குறையும். உங்களுடையதற்கு அந்தக் கவலை கிடையாது, நல்ல பாகம் நல்ல பாகம்தான்.

மழைக்காலம் (நாகர்கோவில்):

காட்டுவதற்கு முன் நெக்கைச் சரிபாருங்கள். ஈரப்பதம் மாறும் காலத்தில் அது வளைந்திருக்கலாம். ஈ தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் (நெக்கின் குறுக்கே உள்ள உலோகப் பட்டை) கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடித்தால், எட்டாவது ஃப்ரெட்டில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்கு, அதாவது சுமார் 0.3 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். மிகுதியாக இருந்தால் டிரஸ் ராடை (நெக்கின் வளைவைச் சரிசெய்ய அதனுள் இருக்கும் உலோகக் கம்பி)க் கால் சுற்றுக்கு மேல் ஒரே நேரத்தில் திருப்ப வேண்டாம்.

ஆழ்நாதம்:

மூவருக்கும் நன்றி. ஐயா சொன்னபடி பழைய நிலைக்குத் திருப்பலாம் என்று நேற்று இரவு பெட்டியைத் திறந்தேன். பழைய பிக்கப்புகளின் கம்பிகளை அன்று நானே ஒட்ட நறுக்கி எடுத்திருக்கிறேன். இரண்டு அங்குலம்கூட மிச்சமில்லை, பாட் வரை எட்டாது. கம்பி நீட்டிப் பற்றவைத்து விற்க எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆகவே மாற்றிய நிலையிலேயே விற்கிறேன். கம்பி குட்டையாக இருப்பதை விளம்பரத்திலேயே எழுதி, உட்குழியின் படத்தையும் இணைத்து, 58,000 என்று போட்டுவிட்டேன். நெக்கில் இடைவெளி சற்று மிகுதியாகவே இருந்தது, கால் சுற்றில் சரியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஒருவர் தன் ஆம்ப்புடன் வந்து வாசித்துப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.