புதுப்பிப்பு: செல்லம்மாவின் கதையை வாக்கெடுப்புக்கு விடவில்லை

முன்பு நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து கேட்டிருந்தது: 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களோடு இங்கே வந்து சேர்ந்த ட்ரூரோ கப்பலை வைத்து நான் செய்யும் கதை விளையாட்டில், மாதாமாதம் பணம் தந்து ஆதரிப்பவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தொழிலாளர்களை மேற்பார்வை செய்யும் இளம் சர்தாருக்கே கூடுதல் காட்சி கேட்கிறார்கள். கைக்குழந்தையோடு கரும்புத் தோட்டத்துக்கு வரும் செல்லம்மாவை என்ன செய்வது?

சரி, முடிவெடுத்துவிட்டேன். பாத்திரங்களின் மையக் கதையும் முடிவும் என் பொறுப்பு. எந்த அத்தியாயம் முதலில், எந்தப் பக்கக் காட்சி வேண்டும் என்பதை ஆதரவாளர்கள் சொல்லலாம். இரண்டு வழி உள்ள தேர்வு ஐந்து வந்தாலே 32 பாதைகள். கேட்டதையெல்லாம் தனிக் கிளையாக்கினால் ஒரே ஆள் எழுதி முடிக்க முடியாது. அதனால் கிளைகள் சீக்கிரமே சேர்ந்துவிடும். ஆனால் செய்த தேர்வு பதிவாகி, பின்னால் வரும் வசனங்களை மாற்றும்.

அப்புறம், ஆதரவாளர் அண்ணன் ஒருவர் கேட்டார்: ஒப்பந்தம் முடிந்ததும் செல்லம்மா தோட்டத்திலேயே மறுபடி கையெழுத்திடுவாளா, நிலம் பிடித்துக் காய்கறி பயிரிடுவாளா? அவள் கதைக்கு உயிரே அந்தக் கேள்விதான். வாக்குக் குறைவுதான், இருந்தாலும் அடுத்த அத்தியாயம் அவளுடையது. சர்தாரும் அதில் வருகிறான், அவள் பார்வையில் தெரிகிறபடி.