தேக்குப் பெட்டி மூடியைச் சட்டத்தோடு பசை போட்டு ஒட்டலாமா?

குமரிமுனை:
வணக்கம். நாகர்கோவிலில் தேக்கில் நகைப்பெட்டி ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். அது போய்ச் சேரவேண்டிய இடம் டெல்லி. 300 மி.மீ. அகலமுள்ள ஒற்றைப் பலகையே மூடி. அதைச் சுற்றி, மூலைகளை 45 டிகிரியில் சேர்த்த சட்டம் வேண்டும் என்கிறார் வாடிக்கையாளர். ஐப்பசி மழையில் பலகையின் ஈரத்தை மீட்டர் 15 சதவீதம் என்று காட்டுகிறது. நாலு பக்கமும் ஒட்டி, நன்றாகப் பாலீஷ் கொடுத்துவிட்டால் நிற்குமா?

உளிச்சத்தம்:
நிற்காது, ஐயா. டெல்லியின் கோடையில் இந்தப் பலகையின் ஈரம் 8 சதவீதம் வரை இறங்கக்கூடும். பச்சைத் தேக்கு முற்றிலும் உலரும்போது மரத்தின் ஆண்டு வளையங்களின் போக்கில் சுமார் 5.8 சதவீதமும், வளையங்களுக்குக் குறுக்கே 2.5 சதவீதமும் சுருங்கும். நீளவாக்கில் சுருங்குவது மிகச் சொற்பம். ஈரம் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகே இது நடப்பதால், ஒரு சதவீத ஈரத்துக்கு 0.2 சதவீதச் சுருக்கம் என்று வைத்தால், உங்கள் பலகை அகலத்தில் ஏறக்குறைய 4 மி.மீ. குறையும். அதன் இரு முனைகளிலும் ஒட்டிய சட்டமோ தன் நீளத்தில் அசைந்து கொடுக்காது. பலகை பிளக்கும், இல்லையென்றால் மூலைகள் வாய் பிளக்கும். பாலீஷ் ஈரத்தைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான்.

பழைய இழைப்புளி:
கணக்கு சரி. சட்டத்தின் உட்புறம் 8 மி.மீ. ஆழத்துக்குக் காடி (நீளப் பள்ளம்) எடுத்து, பலகையின் ஓரத்தை 7 மி.மீ. நாக்காக இழைத்துச் செருகுங்கள். கோடையில் பக்கத்துக்கு 2 மி.மீ. உள்வாங்கினாலும் 5 மி.மீ. காடிக்குள் இருக்கும், ஆகஸ்ட் ஈரத்தில் உப்புவதற்கும் இடம் உண்டு. பசை, இரு முனைகளின் நடுவில் மட்டும் ஒரு சொட்டு. அப்போதுதான் பலகை ஒரு பக்கமாக ஒதுங்காது. பூட்டுவதற்கு முன்பே நாக்கு வரைக்கும், மேலும் கீழும் ஒரே அளவில் பாலீஷ் போட்டுவிடுங்கள். பின்னால் போட்டால், பலகை சுருங்கும்போது பூச்சு படாத வெளிறிய கோடு ஓரத்தில் தெரியும், வாடிக்கையாளர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

குமரிமுனை:
மிக்க நன்றி. பக்கங்களை டவ்டெயிலில் (புறா வால் வடிவப் பற்களைக் கோக்கும் மூட்டு) சேர்த்திருக்கிறேன், அடிப்பலகைக்கும் காடிதானா?

உளிச்சத்தம்:
பக்கப் பலகைகளின் ரேகை நாலு புறமும் கிடையாகச் சுற்றி ஓடினால் எல்லாம் உயரத்தில் ஒன்றாகவே அசையும். அங்கே கவலை இல்லை. அடிக்குத் தேக்குப் பலகை என்றால் காடிதான்; பிளைவுட் என்றால் தாராளமாகச் சுற்றிலும் ஒட்டலாம்.